சொதப்புன நேரத்துல நம்மள நாமளே எப்படி நடத்தணும்

வேலை போயிருச்சு, பரீட்சை ஊத்திக்கிச்சு, இல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லக்கூடாத ஒரு வார்த்தைய சொல்லிட்டோம்னு வைங்க, அந்த வலி ஒரு பங்குன்னா அதுக்கப்புறம் "நீ எப்பவுமே இப்படித்தான், உன்னால எதுவும் உருப்படாது"ன்னு உள்ள ஒரு குரல் திட்டிக்கிட்டே இருக்கு பாருங்க, அது ரெண்டு பங்கு. வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுற வேலை, அதையும் நம்ம கையாலயே பண்றோம். நடந்தத மாத்த முடியாது, ஆனா இந்த ரெண்டாவது வலிய நிச்சயமா குறைக்கலாம்.

மொத வேலை, அந்தக் குரல் என்ன சொல்லுதுன்னு பேப்பர்ல எழுதுங்க. மனசுல நினைச்சா போதாது, வார்த்தைக்கு வார்த்தை எழுதணும்.

என் கதையவே சொல்றேன். அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு வந்து, ஃபோன சைலண்ட்ல போட்டுட்டு தூங்கிட்டேன், முழிச்சுப் பாத்தா 11 மிஸ்டு கால். அம்மா நல்லபடியா தேறி வந்துட்டாங்க, ஆனா எனக்கு மாசக்கணக்கா தூக்கம் போச்சு. ஒருநாள் எழுதிப் பாத்தேன், "நீயெல்லாம் ஒரு பிள்ளையா"ன்னுதான் மொத வரியே வந்துச்சு. அத என் ஃபிரண்டு ஒருத்தன் இதே நிலைமைல இருந்தா அவன் மூஞ்சிய பாத்து சொல்லுவேனான்னு யோசிச்சேன், வாயே வராது. அவன்கிட்ட என்ன சொல்லியிருப்பேன்? "மூணு நாளா கண்ணு மூடலடா, உடம்பு தாங்கல, அதான் அசந்துட்ட." இதுவும் பொய் இல்லையே, நடந்ததுதானே, ஆனா அத்தனை மாசமும் அந்த மொத வரி மட்டும்தான் என் காதுல விழுந்துச்சு. அதனால திட்டுக்குக் கீழயே ஃபிரண்டுக்கு சொல்ற பதிலையும் எழுதுங்க, உங்க பேரப் போட்டு எழுதுங்க.

கிறிஸ்டின் நெஃப்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், இப்படி ஃபிரண்டுகிட்ட மாதிரி நம்மகிட்டயே கனிவா இருக்குற தன்கருணைங்கிற விஷயத்த 2003ல மூணா பிரிச்சு சொன்னாங்க: தன்மேல கனிவு, இந்தக் கஷ்டம் எல்லா மனுஷங்களுக்கும் வர்றதுதாங்கிற உணர்வு, வலிய மறைக்காம பெருசாக்காம இருக்குறபடி பாக்குறது. எனக்கு ரெண்டாவதுதான் ரொம்ப உதவுச்சு, ஏன்னா அவமானத்துல இருக்கும்போது உலகத்துலயே நாம மட்டும்தான் இப்படின்னு தோணும்.

உடம்பையும் விட்டுறாதீங்க. நம்மள நாமளே திட்டும்போது யாரோ அடிக்க வந்த மாதிரிதான் உடம்பு நடந்துக்குது, நெஞ்சு படபடங்குது, தோள் இறுகுது, அந்த நிலைமைல எந்த நல்ல வார்த்தையும் உள்ள இறங்காது. மொதல்ல நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு மூச்ச இழுக்குறத விட விடுறத நீளமா விடுங்க, ஒரு ரெண்டு நிமிஷம். அப்புறமா பேனாவ எடுங்க.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், கனிவா பேச ஆரம்பிச்சதும் சிலருக்கு அழுகை பொத்துக்கிட்டு வரும், பழைய வலியெல்லாம் கிளம்பும். ரொம்ப நாளா அன்பே கிடைக்காத இடத்துல அன்பு போனா அப்படித்தான் ஆகும், தப்பா பண்றோம்னு பயப்பட வேண்டாம். தாங்கலன்னா அன்னைக்கு நிறுத்திட்டு எழுந்து நடங்க.

"இப்படி தட்டிக் குடுத்தா சோம்பேறி ஆயிட மாட்டோமா"ன்னு நிறைய பேர் கேப்பாங்க, நானும் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். ஆனா 2012ல வந்த ஒரு ஆய்வுல கஷ்டமான டெஸ்ட்ல சொதப்புன மாணவர்கள்ல, தன்மேல கடுமையா இருக்காதீங்கன்னு சொல்லப்பட்டவங்கதான் அடுத்த டெஸ்டுக்கு கூடுதல் நேரம் உக்காந்து படிச்சாங்க. யோசிச்சா புரியும், தப்ப ஒத்துக்கிட்டா அடி விழும்னா யார் ஒத்துக்குவா, மறைக்கத்தான் பாப்போம். ஏத்துக்குறதுன்னா நடந்தது சரின்னு சொல்றது இல்ல, நடந்துச்சுன்னு சொல்றது. அடுத்தவங்கள காயப்படுத்தியிருந்தா போய் மன்னிப்பு கேளுங்க, இது அதுக்கு பதில் ஆகாது.

ரெண்டு வாரத்துக்கு மேல மனசு எழும்பவே இல்ல, தூக்கம் பசி எல்லாம் கெட்டுப்போச்சுன்னா டாக்டரையோ கவுன்சிலரையோ பாருங்க, சாகலாம்னு நினைப்பு வந்தா ஒரு நாள் கூட காத்திருக்காம உடனே யார்கிட்டயாவது சொல்லிடுங்க.

மத்தபடி மொத நாளே பெரிய காயத்த கையில எடுக்காதீங்க. ஒரு மீட்டிங்க்கு லேட்டா போனது, சாவிய எங்கயோ வச்சுட்டு தேடுனதுன்னு சின்னதா ஒண்ண எடுத்து ஒரு வாரம் எழுதிப் பாருங்க, பெருசு அப்புறம் தானா வரும்.