டாடா கம்மின்ஸ் இன்ஜினில் எந்த கனெக்டிங் ராடு? லேத்துக்கு அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பிக் எண்ட், அதாவது கிராங்கைப் பிடிக்கும் பெரிய வளையம், தேய்ந்து ஓவலாகிவிட்டால், அதில் போல்ட் போட்டு மாட்டும் பாதியான கேப்பின் முகத்தைக் கொஞ்சம் கிரைண்ட் செய்து, திரும்ப மூட்டி, ஹோன் போட்டு (உள்வட்டத்தைக் கல்லால் தேய்த்து) பழைய அளவுக்குக் கொண்டுவருவது நாமக்கல் பக்கம் அன்றாட வேலை. ஜாம்ஷெட்பூரில் செய்த பழைய 5.9 லிட்டர் 6பிடி இன்ஜினின் ராடு அந்த வேலையைத் தாங்கும். பின்னால் வந்த காமன் ரயில் (எலக்ட்ரானிக் டீசல் இன்ஜெக்‌ஷன்) காலத்து ராடு தாங்காது, ஏனென்றால் அதில் கேப்பை மெஷினில் வெட்டாமல் உடைத்துப் பிரித்திருப்பார்கள். கிரைண்டர் கல் ஒரு தடவை பட்டாலே அந்த ராடு பழைய இரும்புக் கடைக்குத்தான். அதனால் என் பட்டறையில் ராடு எந்த வகை என்று ஜாப் கார்டில் எழுதாமல் எதுவும் லேத்துக்குப் போகாது.

முதலில் பிளேட்டைப் பாருங்கள். பெரும்பாலும் இன்ஜினின் கியர் ஹவுசிங்கில் அடித்திருக்கும். அதில் இன்ஜின் நம்பரோடு சிபிஎல் என்றொரு நம்பரும் இருக்கும். அந்த இன்ஜின் தொழிற்சாலையை விட்டு வரும்போது எந்தெந்த பாகங்களோடு வந்தது என்பதற்கான பட்டியல் எண் அது. இந்த இரண்டையும் பார்ட்ஸ் கடையில் கொடுத்தால் ராடின் பார்ட் நம்பரை எடுத்துத் தருவார்கள். பிளேட் போய்விட்டிருந்தால், பிளாக்கில் ஆயில் கூலர் ஹவுசிங்குக்கு மேலே இன்ஜின் நம்பர் குத்தியிருக்கும். கிரீஸைச் சுரண்டிவிட்டுப் படியுங்கள்.

ஆனால் பிளேட் சொல்வது பிறந்த கதை மட்டும். மூன்று கை மாறிய லாரியில் யார் எதை மாற்றினார்கள் என்று அதற்குத் தெரியாது. ஒருமுறை என்னிடம் வந்த இன்ஜினில் ஐந்து ராடு ஒரு வகை, ஆறாவது வேறு வகை. தராசில் வைத்தால் எடையும் ஒத்துவரவில்லை. ஓனர் வண்டி "கொஞ்சம் உதறுது" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்! ஆகவே சம்பை (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியை) கழற்றி ஆறையும் கண்ணால் பார்ப்பதுதான் சரி.

பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, ஆயிலை வடித்து, சம்பை இறக்குங்கள். ஃபிளைவீல் பக்கம் பாரிங் டூல் போட்டு கிராங்கைக் கையால் சுற்றுங்கள். 1-6, 2-5, 3-4 என்று ஜோடி ஜோடியாகக் கீழே வரும். மூன்று நிலையில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ராடும் கேப்பும் சேரும் இடத்தை டீசல் நனைத்த துணியால் நன்றாகத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

மெஷினில் வெட்டிய ராடு என்றால் இணைப்புக் கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகத் தெரியும். உடைத்துப் பிரித்த ராடு என்றால் கோடு தலைமுடி அளவுக்கு மெல்லியதாக, வளைந்து நெளிந்து ஓடும். சில இடங்களில் கோடே இல்லாதது போலிருக்கும். இந்த வகையில் ராடையும் கேப்பையும் ஒரே துண்டாகச் செய்து, கடைசியில் விரிசல் விழவைத்துப் பிரிக்கிறார்கள். பிஸ்கெட்டை உடைத்தால் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று மட்டும் பொருந்துமே, அதே கணக்கு. கேப்பைத் திறந்தால் சந்தேகமே இருக்காது: ஒன்றின் முகம் வழவழப்பு, மற்றதன் முகம் சொரசொரப்பான மணல் மாதிரி.

பலர் தடுமாறுவது சாய்வில்தான். பிக் எண்ட் சாய்வாகப் பிரிந்திருந்தால் புது மாடல் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. 102 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் துளை) வழியாக ராடை மேலே எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சாய்வு. பழைய 6பிடி ராடே சாய்வு வெட்டுதான்.

கேப்பைக் கழற்றும்போது போல்ட்டை முழுதாக எடுத்துவிடாதீர்கள். சில மரை தளர்த்தி, போல்ட் தலையில் ரப்பர் சுத்தியால் தட்டினால் கேப் விட்டுவிடும். ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பவே கூடாது. உடைத்த வகையாக இருந்தால் அந்தச் சொரசொர முகத்தை மேஜைமேல் கவிழ்த்து வைக்காதீர்கள், எமரி போடாதீர்கள், கேப்பை மாற்றி மாட்டாதீர்கள். வெட்டிய வகையில் ராடிலும் கேப்பிலும் ஒரே நம்பர் குத்தியிருக்கும். மாட்டும்போது அந்த இரண்டு நம்பரும் ஒரே பக்கம் வரவேண்டும். போல்ட்டை இறுக்கும் முறையும் இன்ஜினுக்கு இன்ஜின் வேறு. சிலவற்றில் டார்க் (அளந்து இறுக்கும் விசை) மட்டும், சிலவற்றில் டார்க் வைத்தபின் டிகிரி கணக்கில் திருப்ப வேண்டும். மேனுவலில் அந்த இன்ஜின் நம்பருக்கான பக்கத்தைப் பாருங்கள், பக்கத்துப் பட்டறையைக் கேட்காதீர்கள்.

இப்போதெல்லாம் யூடியூப் பார்த்துவிட்டு, "அண்ணே, என் ராடு பவுடரா, ஃபோர்ஜிங்கா?" என்று கேட்கும் தம்பிகள் வருகிறார்கள். உலோகப் பொடியை அழுத்திச் செய்ததா, காய்ச்சிய ஸ்டீலை அச்சில் அடித்துச் செய்ததா என்பதுதான் கேள்வி. அது அமெரிக்காவில் ஃபோர்டு 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களின் கவலை. அந்த இன்ஜினில் முதலில் ஃபோர்ஜ் செய்த ராடு வந்தது, கடைசி வருடங்களில் பவுடர் மெட்டல் ராடு புகுந்தது. பவர் ஏற்றுபவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிது. உடைத்துப் பிரித்த ராடு என்றாலே பவுடர்தான் என்பது மட்டும் தப்பு. ஃபோர்ஜ் செய்த ஸ்டீலையும் அப்படி உடைக்கிறார்கள். தண்டின் விளிம்பைப் பாருங்கள்: டையிலிருந்து (அச்சிலிருந்து) பிதுங்கிய பிசிறை வெட்டியெடுத்த அகலமான தழும்பு ஓடினால் ஃபோர்ஜிங் என்று எடுத்துக்கொள்ளலாம்.

புது ராடு வாங்கும் முன் ஸ்மால் எண்டையும், அதாவது பிஸ்டனுக்குள் போகும் சின்ன முனையையும், பாருங்கள். சிலவற்றில் அது இரண்டு பக்கமும் நேராக இருக்கும், சிலவற்றில் மேலே போகப் போக ஒடுங்கும். ஒடுங்கிய ராடுக்கென்று செய்த பிஸ்டனுக்குள் நேரான ராடு நுழையாது. கடைக்குப் போகும்போது பழைய ராடு ஒன்றையும் பிஸ்டன் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.