ஃபார்முக்கு அனுப்பிய தண்ணீர் எங்கே போச்சு? ஃப்ளூயிட் சிமுலேஷன் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் வழி

உங்கள் கணினியில், 3டி காட்சிக்காக நீங்கள் செய்த தண்ணீர் அழகாகக் கொட்டுகிறது. அதே கோப்பை ரெண்டர் ஃபார்முக்கு (இறுதிப் படங்களை வரைந்து தரும் பல கணினிகளின் தொகுப்புக்கு) அனுப்பினால் திரும்பி வரும் படங்களில் தண்ணீரையே காணோம், அல்லது தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய பெட்டி நிற்கிறது, அல்லது கொஞ்ச தூரம் ஓடிவிட்டுச் சட்டென்று மறைந்துவிடுகிறது. உடனே ஃபார்மைத் திட்டத் தோன்றும். பொறுங்கள், பெரும்பாலும் ஃபார்ம் மேல் தப்பு இருக்காது. இந்தப் பதிவில் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளை வைத்துச் சொல்கிறேன், ஹூடினி போன்ற மற்ற மென்பொருள்களிலும் அடிப்படை இதேதான்.

முதலில் ஒரு விஷயம் புரிந்தால் மீதி எல்லாம் சுலபம். ஃபார்ம் என்பது ஃப்ரேம்களை, அதாவது அசைபடத்தின் தனித்தனிப் படங்களை, கணினிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் அமைப்பு. ஒரு கணினிக்கு 1 முதல் 10 வரை, இன்னொன்றுக்கு 120 முதல் 130 வரை என்று போகும். சாதாரணக் காட்சிக்கு இது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் 120வது ஃப்ரேமில் கேமரா எங்கே இருக்கும் என்று கீஃப்ரேமை (எந்த ஃப்ரேமில் எந்த இடம் என்று குறித்து வைத்ததை) பார்த்தே சொல்லிவிடலாம். தண்ணீர் அப்படி இல்லை. 120வது ஃப்ரேமில் ஒரு துளி எங்கே இருக்கும் என்று தெரிய 119 வேண்டும், 119க்கு 118 வேண்டும், இப்படியே முதல் ஃப்ரேம் வரை போக வேண்டும். நேரே 120இல் இறங்கிய கணினிக்கு முன்கதை எதுவுமே தெரியாது. அதனால் சிமுலேஷனை (தண்ணீர் எப்படி ஓடும் என்ற கணக்கை) ஒரே கணினியில் முழுக்கக் கணக்கிட்டு, அதாவது பேக் (bake) செய்து, அந்த முடிவுகளைச் சேமித்த கேஷ் கோப்புகளை எல்லாக் கணினிகளும் படிக்கிற மாதிரி வைக்க வேண்டும். ஃபார்ம் படம் வரைய மட்டும்தான்.

படி 1: கேஷ் வகையைப் பாருங்கள்

டொமைன் பொருளை (தண்ணீர் ஓடும் எல்லையைக் குறிக்கும் பெட்டியை) தேர்ந்தெடுத்து, இயற்பியல் அமைப்புகளில் கேஷ் பகுதிக்குப் போங்கள். அங்கே ரீப்ளே, மாடுலர், ஆல் என்று மூன்று வகைகள் இருக்கும். ரீப்ளே என்றால் டைம்லைனை ஓட்டும்போதே கணக்கிடும். சும்மா முயன்று பார்க்க நல்லது, ஃபார்முக்கு ஆகவே ஆகாது. முந்தைய ஃப்ரேம் இல்லாத கணினியால் அதைத் தொடர முடியாது. அதோடு பல கணினிகள் ஒரே கோப்புறையில் எழுதப் பார்த்தால் நல்ல கேஷும் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

ஆல் என்று மாற்றி மொத்தமாக பேக் செய்யுங்கள். மாடுலர் தேர்ந்தெடுத்தால் டேட்டா (அடிப்படைக் கணக்கு), மெஷ் (கண்ணுக்குத் தெரியும் தண்ணீரின் மேற்பரப்பு), நாய்ஸ் (புகைக்கான கூடுதல் நுணுக்கம்) எல்லாவற்றையும் தனித்தனியாக பேக் செய்ய வேண்டும், இதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். டேட்டாவை மட்டும் பேக் செய்துவிட்டு மெஷ்ஷை மறந்தால் தண்ணீருக்குப் பதில் டொமைன் பெட்டியே ரெண்டரில் வந்து நிற்கும். ஆகவே பெட்டி தெரிந்தால் மெஷ் கோப்பு கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே டொமைனின் தொடக்க, முடிவு ஃப்ரேம்களையும் பாருங்கள். இவை காட்சியின் ஃப்ரேம் எண்களோடு தானாகச் சேர்ந்து மாறாது. காட்சியை 300 வரை நீட்டிவிட்டு டொமைனை 250இல் விட்டிருந்தால் 251இலிருந்து தண்ணீர் காணாமல் போகும்.

படி 2: பாதை (இங்கேதான் பாதிக்கு மேல் சிக்கல்)

கோப்பைச் சேமிப்பதற்கு முன்பே டொமைனை உருவாக்கினால் பிளெண்டர் கேஷ் பாதையைத் தற்காலிகக் கோப்புறையில் வைத்துவிடும். அப்புறம் கோப்பைச் சேமித்தாலும் அந்தப் பாதை மாறாது. அது உங்கள் கணினியின் தற்காலிகக் கோப்புறை, ஃபார்ம் கணினிகளுக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது. அதோடு பிளெண்டரை மூடும்போது அந்தக் கோப்புறையும் அழிந்துபோகும். எனவே முதலில் கோப்பைச் சேமியுங்கள், பிறகு டொமைனின் கேஷ் பாதையை // என்று தொடங்கும்படி மாற்றுங்கள். அந்த இரண்டு சாய்கோடுகளுக்கு 'இந்த பிளெண்ட் கோப்பு இருக்கும் கோப்புறையிலிருந்து' என்று பொருள். பாதையை மாற்றிய பிறகு மறுபடி பேக் செய்ய மறக்காதீர்கள்.

டெக்ஸ்ச்சர்களை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களை) கோப்புக்குள்ளேயே பொதிந்து (pack) அனுப்பும் வசதி இருக்கிறதே, அது கேஷையும் சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்க்காது. கேஷ் கோப்புறையை பிளெண்ட் கோப்பின் பக்கத்திலேயே வைத்து இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

அலுவலக நெட்வொர்க்கில் இன்னொரு தொல்லை உண்டு. விண்டோஸில் இசட் டிரைவ் என்று ஒரு பகிர்வை இணைத்திருப்பீர்கள், அந்த எழுத்து நீங்கள் உள்நுழைந்த கணக்குக்கு மட்டும்தான் சொந்தம். ஃபார்ம் மென்பொருள் சர்வீஸாக (பின்னணியில் தானாக ஓடும் நிரலாக) வேறு கணக்கில் ஓடினால் அதற்கு இசட் டிரைவே கிடையாது. டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு இரண்டு பின்சாய்கோடு, சர்வர் பெயர், பகிர்வுப் பெயர் என்று முழு நெட்வொர்க் பாதையாகக் கொடுங்கள், அந்தச் சர்வீஸ் கணக்குக்குப் படிக்கும் அனுமதியும் கொடுங்கள். லினக்ஸ் கணினிகள் கலந்திருந்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் முக்கியம், விண்டோஸ் கண்டுகொள்ளாததை லினக்ஸ் விடாது. பிளெண்டர் குழுவே தரும் இலவச ஃபார்ம் மேலாளர் ஃப்ளமெங்கோவில் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஏற்றபடி பாதையை மாற்றிக்கொடுக்கும் மாறிகள் உண்டு. கலவையான ஃபார்ம் வைத்திருப்பவர்கள் முதல் நாளே அதை அமைத்துவிடுவது நல்லது.

ஹூடினிக்காரர்கள் ஃபைல் கேஷ் நோடில் வட்டிலிருந்து படிக்கும் தேர்வு இயங்குகிறதா என்று பாருங்கள். டாலர் ஹிப் ($HIP) என்பது ஹிப் கோப்பு (ஹூடினியின் காட்சிக் கோப்பு) இருக்கும் கோப்புறை, எனவே ஃபார்ம் கோப்பை வேறு இடத்துக்கு நகலெடுத்து ஓட்டினால் அந்தப் பாதையும் கூடவே நகர்ந்துவிடும்.

படி 3: கோப்புறையைத் திறந்து கண்ணால் பாருங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் செய்யுங்கள். கேஷ் கோப்புறைக்குள் டேட்டா, மெஷ், கான்ஃபிக் போன்ற உட்கோப்புறைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஃப்ரேமுக்கு ஒரு கோப்பு. எண் வரிசையில் ஓட்டை இருக்கிறதா, எந்தக் கோப்பாவது 0 பைட் அளவில் இருக்கிறதா, பக்கத்துக் கோப்புகள் பெரிதாக இருக்க ஒன்று மட்டும் சுருங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஓரிரு ஃப்ரேம்களில் மட்டும் தண்ணீர் துடித்து மறைந்தால், பாதியில் நின்ற நகலெடுப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டொமைனை நகலெடுத்து இரண்டாக்கினால் இரண்டுக்கும் ஒரே கேஷ் பாதைதான் இருக்கும், பேக் செய்யும்போது ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடும். கோப்பை வேறு பெயரில் அதே கோப்புறையில் சேமித்துத் திரும்ப பேக் செய்தாலும் பழைய ஷாட்டின் தண்ணீர் போயே போச்சு. டொமைனுக்கு ஒரு கோப்புறை, ஷாட்டுக்கு ஒரு கோப்புறை என்று பிரித்துவிடுங்கள்.

படி 4: ஒரே ஒரு ஃபார்ம் கணினியில், ஒரே ஒரு ஃப்ரேம்

முழு வேலையையும் மறுபடி அனுப்பாதீர்கள். ஒரு ஃபார்ம் கணினியில், முடிந்தால் ஃபார்ம் பயன்படுத்தும் அதே கணக்கில், உள்நுழைந்து கட்டளை வரியில் பிளெண்டரைப் பின்னணி முறையில் ஓட்டி, நடுவில் இருக்கும் ஒரு ஃப்ரேமை, 120 என்று வைத்துக்கொள்வோம், ரெண்டர் செய்யுங்கள். முதல் ஃப்ரேம் வேண்டாம், அதில் தண்ணீர் இன்னும் கொட்ட ஆரம்பித்திருக்காது, எதுவும் தெரியாது. பிளெண்டர் கட்டளைகளை எழுதிய வரிசையிலேயே நிறைவேற்றும், அதனால் வெளியீட்டுப் பாதையை முன்னால் எழுதி ஃப்ரேம் எண்ணைக் கடைசியில் வையுங்கள்.

இங்கே தண்ணீர் வந்தால் ஃபார்ம் மேலாளரின் அமைப்பில் கோளாறு. வரவில்லை என்றால் பாதை, அனுமதி, கேஷ் மூன்றில் ஒன்று. எல்லாக் கணினிகளிலும் பிளெண்டர் பதிப்பு ஒன்றுதானா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள். இந்தத் தண்ணீரைக் கணக்கிடும் மாண்டாஃப்ளோ என்ற பகுதி பிளெண்டரில் வந்ததே 2.82இல்தான், அதற்கு முந்தைய பதிப்பு ஏதாவது ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கேஷை அதற்குப் படிக்கவே தெரியாது.

படி 5: ரெண்டர் நடுவில் செத்துப்போனால்

இது நினைவகப் பிரச்சினையாக இருக்கலாம். ரெசல்யூஷனை (டொமைனின் ஒரு பக்கத்தை எத்தனை கட்டங்களாகப் பிரிப்பது என்ற எண்ணை) இரண்டு மடங்காக்கினால் மொத்தக் கட்டங்கள் எட்டு மடங்காகும். கனசதுர டொமைனில் 256 என்றால் சுமார் 1.68 கோடி கட்டங்கள், 512 என்றால் சுமார் 13.4 கோடி. கட்டத்துக்கு 4 பைட் என்று வைத்தால் புகை சிமுலேஷன் என்றால் அடர்த்தி மட்டுமே 512 எம்பி, வேகத்துக்கு மூன்று திசை என்பதால் இன்னும் 1.5 ஜிபி. வெற்றிடத்தைச் சேமிக்காத கோப்பு வடிவங்கள் இதைக் குறைக்கும், ஆனாலும் உங்கள் 64 ஜிபி கணினியில் ஓடியது ஃபார்மின் 16 ஜிபி கணினியில் ஓடும் என்று நம்பாதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டில் ரெண்டர் செய்தால் அதன் நினைவகம்தான் கணக்கு.

ரெண்டர் சாகவில்லை, ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமும் தொடங்கவே நேரம் எடுக்கிறது என்றால் நெட்வொர்க்கைப் பாருங்கள். ஒரு கிகாபிட் இணைப்பு வினாடிக்கு அதிகபட்சம் 125 எம்பி தரும். 10 கணினிகள் ஆளுக்கு 500 எம்பி கேஷை ஒரே சர்வரிலிருந்து கேட்டால் படிக்க மட்டுமே 40 வினாடி போய்விடும். கேஷை ஒவ்வொரு கணினியின் சொந்த வட்டுக்கும் முன்கூட்டியே நகலெடுத்து வைப்பது எனக்குப் பிடித்த தீர்வு.

மோஷன் பிளர் (வேகமாக அசைவது மங்கலாகத் தெரியும் விளைவு) போடுபவர்கள் மெஷ் அமைப்புகளில் ஸ்பீட் வெக்டர்ஸ் தேர்வை பேக் செய்வதற்கு முன்பே இயக்கிவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் மட்டும் மங்கலாகாமல் கூர்மையாக நிற்கும். தேவையான கடைசி ஃப்ரேமைத் தாண்டி ஓரிரு ஃப்ரேம்கள் கூடுதலாகவும் பேக் செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் சரியான பிறகு மொத்தத்தையும் திரும்ப ரெண்டர் செய்யத் தேவையில்லை. வெளியீட்டு அமைப்பில் ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதும் தேர்வை எடுத்துவிட்டு, கெட்ட படங்களை மட்டும் அழித்துவிட்டு வேலையை அனுப்பினால், இல்லாத ஃப்ரேம்களை மட்டும் ஃபார்ம் போட்டுக்கொடுக்கும்.