நெட்வொர்க் டிரைவரால் கணினி விழும்போது செய்யக்கூடாதவை

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது செந்தூலில் உள்ள ஓர் அச்சகத்திலிருந்து என்னை அழைத்தார்கள். வடிவமைப்புக்கு வைத்திருந்த கணினி நாளுக்கு நான்கைந்து முறை நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது. அச்சக அண்ணன் அதற்குள் புதிய ரேம் வாங்கிப் பொருத்தியிருந்தார்; விண்டோஸை இரண்டு முறை அழித்துப் புதிதாகப் போட்டிருந்தார். "இனி மதர்போர்டை மாற்ற வேண்டியதுதானே, தம்பி?" என்றார்.

மாற்ற வேண்டியிருக்கவில்லை. அலுவலகச் சேமிப்பகத்திலிருந்து பெரிய கோப்பை இழுக்கும்போது மட்டுமே அந்தக் கணினி விழுந்தது. நாள் முழுவதும் வடிவமைப்பு வேலை நடந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. நெட்வொர்க்கைப் பயன்படுத்தும்போது மட்டும் விழுந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நெட்வொர்க் டிரைவரை, அதாவது நெட்வொர்க் அட்டையை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருளை. எந்த வேலையின்போது விழுகிறது என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தாலே ரேமுக்குச் செலவழித்த பணம் மிஞ்சியிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அவசரப்பட்டு விண்டோஸை அழிப்பது. சாதாரணச் செயலி தடுமாறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவரோ விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் ஓடுகிறது. அங்கே அது தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டால், தரவு கெடாமல் காக்க விண்டோஸ் கணினி முழுவதையும் நிறுத்திவிடும். நிறுத்தும்போது என்ன நடந்தது என்பதை விண்டோஸ் கோப்புறைக்குள் 'மினிடம்ப்' என்ற இடத்தில் எழுதியும் வைக்கும். வட்டை அழித்தால் அந்தச் சாட்சியமும் போய்விடும். தானியங்கிப் புதுப்பிப்பு அதே டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுவும் வாய்ப்பும் அதிகம். செந்தூலில் நடந்தது அதுதான். கணினியின் பாகங்களையும் அவற்றின் டிரைவர்களையும் காட்டும் டிவைஸ் மேனேஜரில், பழைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் மங்கிக் கிடந்தது. புதிதாகப் போட்ட விண்டோஸில் திரும்பிப் போகப் பழைய பதிப்பு ஏது?

அடுத்தது, திரையில் தெரியும் முதல் பெயரையே குற்றவாளியாக்குவது. நீலத்திரையில் (2025-இல் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு விண்டோஸ் 11-இல் அது கருந்திரை) நிறுத்தக் குறியீடு ஒன்று இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் டிரைவர் கோளாறில் அடிக்கடி வருவது டி1 (DRIVER_IRQL_NOT_LESS_OR_EQUAL). கூடவே என்டிஐஎஸ், டிசிபிஐபி, நெட்ஐஓ போன்ற பெயர்களும் தெரியலாம். அவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள். எல்லாத் தரவும் அவற்றின் வழியாகவே போவதால் விபத்து நடந்த இடத்தில் அவை நிற்கின்றன. கோளாறு பெரும்பாலும் அவற்றோடு பேசும் நெட்வொர்க் அட்டையின் டிரைவரிலோ, விபிஎன், வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இடையில் செருகிய வடிகட்டியிலோ இருக்கும். மினிடம்ப் கோப்பை மைக்ரோசாஃப்டின் பிழை ஆராயும் கருவியான விண்டிபக்கில் திறந்து பார்த்தால் மெய்யான பெயர் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 41 என்ற எண்ணைப் பார்த்ததும் பவர் சப்ளை வாங்க ஓடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அதன் அருகில் 1001 என்ற பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். நிறுத்தக் குறியீடு அதில் இருக்கும்.

டிரைவர்களையெல்லாம் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். மடிக்கணினி அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் அகப்பக்கத்தில், உங்கள் மாடல் எண்ணுக்கு உரியதை எடுங்கள். ஆகப் புதியதுதான் ஆகச் சிறந்தது என்றும் இல்லை. அச்சகத்தில் ஒரு பதிப்பு பின்னால் போனேன். பிறகு 4 ஜிபி கோப்பு ஒன்றைப் பத்து முறை நகலெடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் பச்சைக் கோடு முடிவைத் தொடும்வரை அண்ணன் நாற்காலியில் உட்காரவே இல்லை. பத்தும் முடிந்தன.

பழைய டிரைவரை நீக்குவதற்கு முன்பே மாற்று டிரைவரை பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீக்கிய பிறகு இணையம் இல்லாமல் திண்டாடுவோர் பலர்.

மடிக்கணினி உறக்கத்திலிருந்து எழும்போது விழுந்து, 9எஃப் (DRIVER_POWER_STATE_FAILURE) என்ற நிறுத்தக் குறியீடு வந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபை அட்டையை அணைக்க அனுமதிக்கும் தேர்வை முதலில் எடுத்துவிட்டுப் பாருங்கள். சோதிக்கும்போது 'ஷட் டவுன்' செய்து திறப்பதைவிட 'ரீஸ்டார்ட்' நல்லது. கணினியை விரைவாகத் திறக்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினியில் ஷட் டவுன் கர்னலின் நிலையை வட்டில் சேமித்து, அதையே மறுபடி எழுப்புகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்றே தெரியாது.

கோலாலம்பூரில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மாலை இடிமழையின்போது மின்னல் அதிர்வு கேபிள் வழியாக வந்து கேபிள் செருகும் நெட்வொர்க் துளையைப் பாதி கெடுத்துவிட்டுப் போகும். விளக்கு எரியும், இணைப்பு விட்டுவிட்டு வரும். எந்த டிரைவரும் அதைச் சரிசெய்யாது. யாரிடமாவது யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் ஒன்றை இரவல் வாங்கிச் செருகுங்கள். பழைய அட்டையை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட்டு இரண்டு நாள் வேலை செய்யுங்கள். கணினி விழவில்லை என்றால் கோளாறு அந்த அட்டையிலோ அதன் டிரைவரிலோதான். டிரைவரை ஏற்கெனவே மாற்றிப் பார்த்தாயிற்று என்றால், கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொண்டு பழைய துளையை முடக்கியபடியே விட்டுவிடலாம்.