பெட்ரா: குமரிப் பயணக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், கருங்கல், நாகர்கோவில் பகுதிகளிலிருந்து புனித நாட்டுப் பயணம் செல்லும் குழுக்களின் திட்டத்தில் ஜோர்டான் இடம்பெற்றால், நேபோ மலையோடு, பாறைகளைக் குடைந்து அமைத்த பழைய நகரமான பெட்ராவும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அத்தகைய குழுக்களை அழைத்துச் செல்வது என் பணி. தொடக்க காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளைப் புதிதாகக் குழு நடத்துவோர் இன்றும் செய்வதைக் காண்பதால் இதை எழுதுகிறேன். தொப்பி, காலணி, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி எவரும் சொல்லிவிடுவர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெட்ராவுக்கு அரைநாள் ஒதுக்குவது

இந்த ஒரு தவறுதான் பணத்தையும் விழுங்கி, பயணத்தின் பயனையும் கெடுக்கிறது. காலையில் அம்மானில் புறப்பட்டுச் சுமார் மூன்று மணி நேரம் பேருந்தில் வந்து, மதிய உணவை முடித்து வாயிலுக்குள் நுழையும் குழுவிடம், நான்கு மணிக்குள் பேருந்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லப்படுகிறது. அவர்கள் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள சீக் என்னும் பாறை இடுக்கை அவசரமாகக் கடந்து, சுமார் 40 மீட்டர் உயரத்துக்குப் பாறையில் செதுக்கிய கஸ்னே என்னும் கட்டட முகப்பின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். உண்மையில் நகரம் அங்கேதான் தொடங்குகிறது. பாறையைக் குடைந்த அரங்கம், அரச கல்லறைகள், தூண்கள் நிற்கும் தெரு, தரையில் வண்ணக்கல் ஓவியங்களுடன் கூடிய பழைய தேவாலயம், அதற்கும் அப்பால் ஏறத்தாழ 800 படிகள் ஏறிக் காண வேண்டிய அத்-தெய்ர் மடம் ஆகிய அனைத்தும் அதற்குப் பின்னால்தான் இருக்கின்றன.

ஒரு குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வந்திருந்தார். விவிலியத்தில் பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பிய பகுதியில் வரும் அரேத்தா ராஜா, பெட்ராவைத் தலைநகராகக் கொண்ட நபாத்தியரின் அரசர் நான்காம் அரேத்தா என்பதையும், கஸ்னே அவருடைய கல்லறையாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர் பலர் கருதுவதையும் படித்துவிட்டு வந்திருந்தார். முகப்பை நெடுநேரம் பார்த்தவர், "அரேத்தா ஆண்ட ஊரு எங்க சார்?" என்று கேட்டார். அரங்கம் சில நிமிட நடையில் இருந்தது. ஆனால் பயண முகவர் வகுத்த நேரம் முடிந்துவிட்டதால் அவரைத் திருப்பி அழைத்துவர நேர்ந்தது. பல ஆண்டுகள் சேமித்த பணத்தில் அவ்வளவு தூரம் வந்த ஒருவரிடம் "நேரமில்லை டீச்சர்" என்று சொல்ல வைக்கும் திட்டத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

இதற்குச் செலவைக் காரணம் காட்டுவதும் பொருந்தாது. ஜோர்டானில் இரவு தங்குவோருக்கு ஒருநாள் சீட்டு 50 தினார் என்றால், இருநாள் சீட்டு 55 தினார்தான். தங்காமல் எல்லை கடந்து வந்து அன்றே திரும்புவோர் 90 தினார் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே வாயிலருகே உள்ள வாதி மூசாவில் ஓர் இரவு தங்குங்கள். வந்த நாள் பிற்பகலில் கஸ்னேயையும் அரச கல்லறைகளையும் பார்க்கலாம்; அந்தக் கல்லறைகள் மேற்கு நோக்கியவை என்பதால் சாயும் வெயில் அவற்றின் மீது நேராக விழும். மறுநாள் அதிகாலையில், வெயில் கடுமையாவதற்கு முன்பே மடத்துக்கு ஏறலாம்.

நடையைக் கணக்கிடும்போது திரும்பும் வழியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். முதன்மைப் பாதை ஒரு வழிக்கு 4 கிலோமீட்டர். போகும்போது இறக்கமாக இருப்பதால் களைப்பு தெரியாது. களைத்த கால்களுடன் திரும்பும்போது அதே பாதை ஏற்றமாகிவிடும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே குழுவினரை நம் மாவட்டத்துச் சிதறால் மலைக்கு ஏறி இறங்கி வரச் சொல்கிறேன். அங்கே மூச்சு வாங்குபவர் யார் என்பது தெரிந்துவிட்டால், மடத்துப் படிகளுக்கு யாரை அழைத்துச் செல்வது என்பதை ஊரிலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

இலவசக் குதிரை

சீட்டில் அடங்கிய சவாரி சீக்கின் தொடக்கம் வரை மட்டுமே. அன்பளிப்புத் தொகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

கழுதையில் மடத்துக்கு ஏறுவது

வேண்டாம்.

மழையை நம் ஊர் மழையாக எண்ணுவது

நம் மாவட்டத்தில் ஆற்றில் வெள்ளம் வந்தால் கரையேறி நின்றுகொள்ளலாம்; சீக்கில் ஏறி நிற்கக் கரை இல்லை. தலைக்கு மேல் ஒரு துளி விழாவிட்டாலும், சுற்றியுள்ள மலைகளில் பெய்த மழை இடுக்குக்குள் பாய்ந்துவிடும். 1963-ல் அவ்வாறு வந்த வெள்ளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் உயிரிழந்தனர். இந்த ஆபத்தை அறிந்துதான் நபாத்தியர் சீக்கின் வாயிலில் அணை கட்டி, நீரை மலையில் குடைந்த சுரங்கம் வழியாகத் திருப்பிவிட்டனர். காவலர்கள் வெளியேறச் சொன்னால் படம் எடுப்பதற்காகக்கூட நிற்காதீர்கள். சனவரியில் அங்கே பனி பெய்வதும் உண்டு என்பதால், பாலைவனம்தானே என்று மெல்லிய சட்டைகளோடு வருவோர் நடுங்கிப்போகின்றனர்.

சீக்கில் சுவரைப் பார்க்காமல் நடப்பது

கஸ்னேயை எதிர்நோக்கி அனைவரும் நேரே பார்த்தபடி நடக்கின்றனர். பக்கச் சுவரில் ஒட்டகங்களை நடத்திச் செல்லும் மனிதர் ஒருவரின் சிற்பம் உள்ளது. மேற்பகுதி தேய்ந்துவிட்டது, மனிதரின் பாதங்களும், ஆடையின் கீழ் விளிம்பும், ஒட்டகக் கால்களும் எஞ்சியிருக்கின்றன. அதே சுவரில் வெட்டிய நீர்க்கால் ஒட்டகங்களின் உடலுக்குப் பின்புறமாகச் செல்கிறது. ஊருக்குக் குடிநீர் கொண்டுசென்ற கால்வாயைச் சிற்பத்துக்காக மறைத்து அமைத்த அந்தத் திறமையை நின்று பார்ப்பவர் மிகச் சிலரே.

உள்ளே ஏதோ இருக்கும் என்று எதிர்பார்ப்பது

கஸ்னேயின் உட்புறம் வெற்று அறைகளே. பயணிகளுக்கு அங்கே அனுமதியும் இல்லை. அதன் உச்சியிலுள்ள கல்தாழிக்குள் புதையல் இருப்பதாக நம்பிச் சுட்டவர்களின் குண்டுத் தடங்களைக் கீழிருந்தே காணலாம்; தாழியோ முழுக்கத் திண்ணிய பாறை. உட்புறம் காண விரும்பும் நம் குழுக்கள் அரச கல்லறைகளில் ஒன்றான தாழிக் கல்லறைக்குப் படியேறிச் செல்ல வேண்டும். 5-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தேவாலயமாக மாற்றப்பட்ட அந்தப் பெரிய அறையின் பின்சுவரில், அம்மாற்றத்தைக் குறிக்கும் கிரேக்க எழுத்து செந்நிறத்தில் இருக்கிறது. அரைநாள் திட்டத்தில் அதற்கும் இடமிருப்பதில்லை.