அமெரிக்காவில் பிஎச்.டி. பட்டமளிப்பு: அப்பா அம்மாவை அழைத்து வருகிறீர்களா?

பிஎச்.டி. முடிக்கப்போகிறவர்கள் அங்கி எங்கே வாங்கலாம், போட்டோ எங்கே எடுக்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஊரிலிருந்து யார் வருகிறார்கள் என்று நான் கேட்பேன். மேடையில் நாம் நடப்பது பத்து விநாடி. அதைப் பார்க்க ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து வருகிறவர்களுக்காகத்தான் இந்த விழா என்பது என் எண்ணம். அதனால் திட்டத்தை அவர்கள் பக்கமிருந்து போடுங்கள்: அவர்கள் விசா, அவர்கள் முழங்கால், அவர்கள் தூக்கம். நான் படித்தது ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். அந்த ஊரை வைத்துச் சொல்கிறேன். மற்ற இடங்களிலும் நடைமுறை ஏறக்குறைய இப்படித்தான்.

எந்த விழாவுக்கு அழைப்பது?

பெரிய பல்கலைக்கழகங்களில் பட்டமளிப்பு விழா ஒன்றோடு முடிவதில்லை. மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பெரிய விழா, ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தனி விழா, இது போகத் துறைகள் வைக்கும் சிறிய விழாக்கள். ஆன் ஆர்பரில் பெரிய விழா நடப்பது மிச்சிகன் ஸ்டேடியத்தில். ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அமெரிக்கக் கால்பந்து மைதானம் அது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அங்கே ஒவ்வொருவர் பெயரையும் வாசிப்பதில்லை. கல்லூரி கல்லூரியாக எழுந்து நிற்கச் சொல்லி மொத்தமாகப் பட்டம் வழங்குகிறார்கள். மைதானத்தின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் மேலே நுழைந்து படிப்படியாக இறங்க வேண்டும். பெரும்பாலும் சாய்மானம் இல்லாத பெஞ்சுகள். மே மாதத் தொடக்கத்தில் காலைக் குளிர் நம் ஊர்க்காரர்களைப் பதம் பார்த்துவிடும். மழையும் வரலாம்.

ராக்கம் பட்ட மேற்படிப்புப் பள்ளி நடத்தும் விழாவோ ஹில் அரங்கத்துக்குள் நடக்கிறது. 1913-இல் கட்டியது, சுமார் 3,500 பேர் உட்காரலாம். பெயர் வாசிப்பதும் ஹூட் (அங்கிக்கு மேல் கழுத்தில் மாட்டி முதுகில் தொங்கும் வண்ணத் துணி) அணிவிப்பதும் அங்கேதான். அப்பா அம்மாவால் ஒரு விழாவுக்குத்தான் உட்கார முடியும் என்றால் யோசிக்காமல் இதைத் தேர்ந்தெடுங்கள். பதிவு செய்யும்போதே விருந்தினர் டிக்கெட் எத்தனை என்று பாருங்கள். படி ஏற முடியாதவர்களுக்கு, சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்களுக்குத் தனி இருக்கைகள் உண்டு, கேட்டால் தருவார்கள். ஆய்வேட்டை இறுதியாகச் சமர்ப்பிக்கும் முன் மேடையில் நடக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அதைப் பட்டப்படிப்பு அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விசா

டிஃபென்ஸ், அதாவது ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வின் தேதி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா பொதுவாகப் பத்து ஆண்டுக்குக் கிடைக்கிறது. ஒரு வருடம் முன்பே வாங்கி வைத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. சென்னையில் நேர்காணல் தேதி கிடைக்கச் சில சமயம் பல மாதம் ஆகும். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நீங்களே பொறுமையாக நிரப்புங்கள், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைரேகை கொடுக்க ஒரு நாள், அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு இன்னொரு நாள் என்று இரண்டு முறை போக வேண்டியிருக்கும்.

அழைப்புக் கடிதம் கட்டாயம் இல்லை. கேட்பது எளிய கேள்விகள்தான்: எதற்குப் போகிறீர்கள், எத்தனை நாள், மகள் என்ன படிக்கிறாள், இங்கே உங்களுக்கு என்ன வேலை. தமிழிலேயே பதில் சொல்லலாம். இதை வீட்டில் அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் ஆங்கிலம் தடுமாறுமே என்ற பயத்தில்தான் பலர் தெரிந்த பதிலையும் விழுங்கிவிடுகிறார்கள்.

டிக்கெட் போடும்போது சக்கர நாற்காலி உதவியும் கேட்டுவிடுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று நினைத்து அப்பாக்கள் மறுப்பார்கள். ஃபிராங்க்ஃபர்ட் போன்ற பெரிய விமான நிலையத்தில் நெடுந்தூரம் நடந்து விமானம் மாற வேண்டும் என்று எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள். பயண மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஏறவே வேண்டாம். பிரஷர், சுகர் மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். கறிவேப்பிலை கொண்டுவரத் தடை இருக்கிறது. பொடி, ஊறுகாய் கொண்டுவரலாம், ஆனால் உணவுப் பொருள் இருக்கிறது என்று சுங்கப் படிவத்திலோ அதிகாரியிடமோ சொல்லிவிட வேண்டும். அம்மா பெட்டி கட்டும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

விழாவுக்கு ஐந்து நாளாவது முன்னதாக வந்து சேர வேண்டும். மே மாதத்தில் நமக்கும் ஆன் ஆர்பருக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். மதியம் மூன்று மணி விழா என்றால் அவர்கள் உடம்புக்கு அது நள்ளிரவு பன்னிரண்டரை. முந்தைய நாள் வந்தவர்கள் பிள்ளையின் பெயர் வாசிக்கும்போது தூங்கிப்போவார்கள், அவர்கள்மேல் குற்றமில்லை.

மேடையில் உங்கள் பெயர்

அங்கி, தொப்பி எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இது. தமிழர்களில் பலர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போடுகிறோம், அல்லது அந்த இடத்தைக் காலியாக விடுகிறோம். காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் கடைசிப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று விழும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அதுவே பல்கலைக்கழகப் பதிவேட்டிலும் ஏறிவிடும். கவனிக்காமல் விட்டால் மேடையில் அதையும் ஒரு பெயராக வாசித்துவிட வாய்ப்பு உண்டு. பருவத் தொடக்கத்தில் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதே சான்றிதழில் வரும் பெயர், மேடையில் வாசிக்கும் பெயர் இரண்டையும் திறந்து பாருங்கள்.

பல இடங்களில் பெயரை உங்கள் குரலில் பதிவு செய்து அனுப்பச் சொல்வார்கள். அனுப்புங்கள். நிறுத்தி, அசை அசையாக, இரண்டு முறை சொல்லுங்கள். அட்டையில் எழுதித் தரச் சொன்னால் பாஸ்போர்ட் எழுத்துக்கூட்டலை அப்படியே எழுதாதீர்கள். அதைப் பார்த்து அவர்களால் ழகரத்தை ஊகிக்க முடியாது. எழில், யாழினி, பொழிலன் என்ற பெயர்களை இசட் ஒலியோடு படிக்கக் கேட்டிருக்கிறேன். லகரம் போட்டு எழுதிக் கொடுத்தால் ஓரளவு கிட்டே வருவார்கள். ஒத்திகையிலோ வரிசையில் நிற்கும்போதோ வாசிக்கப்போகிறவரைக் கண்டால் நேரில் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். அவர்களுக்கும் சரியாக வாசிக்கத்தான் ஆசை. அப்பா பெயரும் சேர்ந்து ஒலிக்கிற பெயர் என்றால் அந்தக் கூடத்தில் அவர் பெயரும் கேட்கப்போகிறது. அது பிழையில்லாமல் ஒலிக்க வேண்டும்.

அங்கியும் ஹூடும்

இந்த உடை முறை 1895-இல் வகுத்தது. முனைவர் அங்கிக்கு அகன்ற மணி வடிவக் கை, ஒவ்வொரு கையிலும் மூன்று வெல்வெட் பட்டை. ஹூடின் உட்புறம் பல்கலைக்கழக நிறம், எங்களுக்கு நீலமும் சோள மஞ்சளும். விளிம்பு வெல்வெட் பிஎச்.டி.க்கு அடர்நீலம், எந்தத் துறையானாலும் சரி. சொந்தமாக வாங்கினால் பல நூறு டாலர் ஆகும். பேராசிரியர் வேலைக்குப் போகிறவர்கள் வாங்கலாம், மற்றவர்களுக்கு வாடகை போதும். ஆர்டர் செய்யக் கடைசித் தேதி விழாவுக்குப் பல வாரம் முன்பே வந்துவிடும்.

புடவை கட்டப்போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஹூடின் முன்பக்கம் ஒரு சின்னக் கயிற்று வளையம் இருக்கும், சட்டைப் பொத்தானில் மாட்டுவதற்கு. ரவிக்கையில் அப்படிப் பொத்தான் கிடையாது. மாட்டாமல் விட்டால் ஹூட் பின்னால் சரிந்து கழுத்தை இறுக்கும். வளையத்தை அங்கியோடு சேர்த்து உள்பக்கமாக ஓர் ஊக்கு குத்துங்கள், தோளில் இரண்டு. முந்தானையை மடித்துக் குத்தி அங்கிக்குள் அடக்கிவிட வேண்டும். கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்துங்கள், மேடைப் படியில் காலில் சிக்காது. பெரிய ஜிமிக்கி வேண்டாம், ஹூட் தலைக்கு மேல் வரும்போது மாட்டிக்கொள்ளும்.

பல பல்கலைக்கழகங்களில் ஹூட் போடுவது கைடுதான். ஜனவரியிலேயே தேதியைச் சொல்லி வைத்துவிடுங்கள், மே மாதம் அவர்கள் வெளியூர் போய்விடுவார்கள். உங்களைவிட அவர் குள்ளமாக இருந்தால் முழங்காலை மடித்துத் தாழ்ந்து நில்லுங்கள், குனிய வேண்டாம், தொப்பி விழும்.

அன்றைக்கு

போட்டோவை முந்தைய நாள் மாலையே எடுத்துவிடுங்கள். மே தொடக்கத்தில் ஆன் ஆர்பரில் எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். சட்டக் கல்லூரி முற்றத்திலும் பர்ட்டன் கோபுரத்தடியிலும் விழா நாளில் நிற்க இடம் கிடைக்காது. ஓட்டல் அறையை மாதக்கணக்கில் முன்பே போடுங்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை, அன்று எல்லா உணவகத்திலும் கூட்டம் அலைமோதும். புளியோதரையும் தயிர்சாதமும் வீட்டில் தயாராக இருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. பை விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், பல அரங்கங்களில் பெரிய கைப்பையை உள்ளே விடமாட்டார்கள்.

உங்களுக்கு வரிசையில் நிற்கச் சீக்கிரமே போக வேண்டும். அப்போது அப்பா அம்மாவோடு ஒரு நண்பரை உட்கார வையுங்கள். எந்தப் பக்கமிருந்து ஏறுவீர்கள், எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருப்பார். பெயர் வாசித்ததும் கைதட்டலாம், கூவலாம் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். விசா கிடைக்காதவர்களுக்கும் பாட்டி தாத்தாவுக்கும் நேரலை இணைப்பு அனுப்புங்கள். காலை பத்து மணி விழா என்றால் ஊரில் இரவு ஏழரை, எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம்.

மேடையில் உங்கள் கைக்கு வருகிற உறைக்குள் பெரும்பாலும் சான்றிதழ் இருக்காது. அப்பா திறந்து பார்த்துப் பதறுவார், முன்பே சொல்லிவிடுங்கள். அசல் சான்றிதழ் சில வாரம் கழித்துத் தபாலில் வரும். ஊர் மாறுகிறீர்கள் என்றால் பதிவேட்டில் முகவரியை அன்றைக்கே மாற்றுங்கள். வேலைக்கோ விசாவுக்கோ அவசரம் என்றால் பட்டம் வழங்கியதற்கான கடிதம் பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். வாடகை அங்கியைத் திருப்பித் தரும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் விழா முடிந்த சில நாளிலேயே கேட்பார்கள். ஊக்குகளைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.