புளோரிடாவில் முதலையோடு குடித்தனம்: இதையெல்லாம் செய்யாதீர்கள்

புளோரிடாவில் வீடு காட்டும் ஏஜென்ட் 'ஏரியைப் பார்த்த வீடு' என்பார். அந்த ஏரி பெரும்பாலும் மழைத்தண்ணீர் வடிவதற்காக பில்டர் வெட்டிய குளம்தான். "இதில் முதலை இருக்குமா?" என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். மாநிலத்தின் 67 கவுண்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலிகேட்டர் என்ற முதலை வகை உண்டு, மொத்தம் சுமார் 13 லட்சம். இன்று இல்லையென்றாலும் அடுத்த வாரம் நடந்தே வந்து சேரும்.

கரையில் மணிக்கணக்காக அசையாமல் கிடப்பதைப் பார்த்து, செத்துவிட்டதா என்று கல் வீசிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது வெயில் காய்கிறது. வாயைப் பிளந்து வைத்திருப்பதும் உங்களுக்காக அல்ல, உடம்புச் சூட்டைத் தணிக்க. 'உஸ்ஸ்' என்று சீறினால் மட்டும் செல்ஃபியை மறந்துவிட்டுப் பின்வாங்குங்கள்.

இருப்பதிலேயே பெரிய தவறு, தீனி போடுவது. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை சும்மா இருக்காது, தெரியும். ஆனால் இங்கே அது சட்டப்படி குற்றம். முதலைக்கு இயல்பாகவே மனிதர்களைக் கண்டால் பயம். நாலு முறை கோழித்துண்டு கிடைத்ததும் பயம் போய்விடும், ஆள் வந்தால் சாப்பாடு வரும் என்ற கணக்கு மட்டும் மிஞ்சும். போட்டவர் வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் வெறுங்கையோடு வருபவர் பாடுதான் திண்டாட்டம். மீன் சுத்தம் செய்த கழிவைத் தண்ணீரில் வீசுவதும் இதே கதைதான்.

அந்தி சாய்ந்தபின் நாய்க்குட்டியைத் தண்ணீரோரமாக நடத்திச் செல்லாதீர்கள். முதலை இரை தேடும் நேரமே அதுதான், நம் செல்லம் அதன் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும்.

அப்புறம், துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்ற பிரபலமான அறிவுரை. தரையில் அது மனிதனைத் துரத்துவதே அபூர்வம், துரத்தினாலும் சீக்கிரம் களைத்துவிடும். நேராக ஓடுங்கள். வளைந்து ஓடினால் பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்ல வீடியோ கிடைக்கும், அவ்வளவுதான்.

தலை தெரிந்ததும் வனவிலங்குத் துறைக்குப் போன் போடுவதற்கு முன்னாலும் கொஞ்சம் யோசியுங்கள். நாலடிக்கு மேல் வளர்ந்து, ஆளுக்கோ செல்லப்பிராணிக்கோ ஆபத்து என்று தெரிந்தால்தான் பொதுவாகப் பிடிக்க ஆள் வருவார். நீச்சல் குளத்திலோ கராஜிலோ படுத்திருந்தால் அது வேறு, உடனே கூப்பிடலாம். ஆனால் பிடித்ததைக் காட்டில் கொண்டுபோய் விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். தூரத்தில் விட்டாலும் பழைய இடம் தேடித் திரும்பி வரப் பார்க்கும் என்பதால் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். தோலும் கறியும் முதலையைப் பிடித்த ஆளுக்கே.