குறைந்த செலவில் டிசைன் வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர்

கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ் பேனர், நோட்டீஸ் என்று அச்சுக்குப் போகும் வேலைகளுக்காகப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களில் பலர், எந்தப் பிராசசர், எந்தக் கிராபிக்ஸ் கார்டு என்ற கேள்வியோடுதான் கடைக்குள் நுழைகிறார்கள். கையில் உள்ள தொகை குறைவு என்றால், பணம் முதலில் போக வேண்டிய இடம் மானிட்டர், அடுத்து ரேம் (வேலை நடக்கும்போது கோப்பைத் தாங்கும் தற்காலிக நினைவு).

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், மலிவான லேப்டாப் திரையில் குங்குமச் சிவப்பு வெளிறித் தெரிந்ததால், அதை மேலும் மேலும் அடர்த்தியாக்கிக்கொண்டே போனேன். அச்சாகி வந்த ஆயிரம் பத்திரிகைகளும் கருஞ்சிவப்பாக இருந்தன. முதல் பத்திரிகையைக் கையில் வாங்கிய பெண்ணின் தாயார் ஒன்றும் பேசாமல் அதைத் திருப்பி வைத்தார். மறுபடி அச்சடித்த செலவு என்னுடையது.

மானிட்டர் ஐபிஎஸ் பேனலாகவும் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை), எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான நிற அளவுகோல்) நிறங்களில் 99 சதவீதமாவது காட்டக்கூடியதாகவும் இருக்கட்டும். 24 அங்குலம், 1920×1080 என்ற அளவு தொடக்கத்துக்குப் போதும். விலை குறைந்த லேப்டாப்களின் விவரத்தாளில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' (பழைய டிவி நிற அளவுகோல்) என்று கண்டிருந்தால், அந்தத் திரை எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத்தான் காட்டும் என்று பொருள். கடைக்குப் போகும்போது நீங்கள் செய்த வேலை ஒன்றைப் பென் டிரைவிலும், அதன் அச்சுப் பிரதியைக் கையிலும் எடுத்துச் செல்லுங்கள். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்; உட்கார்ந்து பார்க்கும்போது ஒரு நிறமும் எழுந்து நின்றால் வேறு நிறமுமாகத் தெரிகிற திரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ரேம் எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 10 அடிக்கு 8 அடி பேனரை அங்குலத்துக்கு 100 புள்ளி வீதம் அமைத்தால் 12,000 × 9,600, அதாவது 11.52 கோடி பிக்சல்கள் வரும். அச்சுக்கான நான்கு மை நிறங்களைக் கொண்ட சிஎம்ஒய்கே முறையில் ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்பதால், முழுதும் நிரம்பிய ஒரே ஒரு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்) ஏறக்குறைய 440 எம்பி இடத்தை எடுத்துக்கொள்ளும். அப்படிப் பத்து லேயர் சேர்ந்தால் 4 ஜிபிக்கு மேல் ஆகிவிடும். செய்ததை மாற்றிப் பின்னால் போவதற்கான நினைவும் விண்டோஸுக்கான இடமும் தனி. எனவே 16 ஜிபியை அடிப்படை அளவாகக் கொள்ளுங்கள். அதை இரண்டு 8 ஜிபியாகப் போடுவது, பிராசசரிலேயே உள்ள கிராபிக்ஸ் வேகமாக இயங்கவும் உதவும். ரேம் நிரம்பியதும் போட்டோஷாப் டிஸ்கைத்தான் தற்காலிக நினைவாகப் பயன்படுத்தும் என்பதால், 500 ஜிபி அளவிலாவது எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) அவசியம். முடிந்த வேலைகளைப் பழைய ஹார்ட் டிஸ்கில் போட்டுவைக்கலாம்.

அண்மைக் காலத்து ஐ5 அல்லது ரைசன் 5 பிராசசர் இந்த வேலைக்குத் தாராளம். பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால், 3டி, வீடியோ வேலைகள் இல்லாதவர்கள் தனிக் கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்கு ஒத்திப்போடலாம்.

அதற்கும் பணம் போதாதென்றால், அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கப்படும் பழைய டெஸ்க்டாப்களைப் பாருங்கள். மிச்சமாகும் தொகையில் புது மானிட்டர் வாங்கிவிடலாம். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைப் பிராசசரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஆகவே ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்களை விட்டுவிடுங்கள். 2018இல் வந்த எட்டாம் தலைமுறை ஐ5 8500இல் ஆறு கோர்கள் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) உள்ளன. பேனர், பத்திரிகை வேலைகளை அது இன்றும் நன்றாகவே தாங்குகிறது.

லேப்டாப்தான் வேண்டும் என்றால், ரேமைப் பிறகு கூட்ட முடியுமா, போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் வாங்குகிறவர்கள் யுபிஎஸ் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிட வேண்டும். மின்சாரம் நின்றதும் கோப்பைச் சேமித்து முறையாக அணைப்பதற்குச் சில நிமிடங்கள் கிடைத்தால் போதும், இரவு முழுவதும் விழித்துச் செய்த பேனர் கையைவிட்டுப் போகாது.